மதகு அடைபடாது

மழையே பெய்யாத ஊருக்கு வெள்ள வரைபடம் எதற்கு என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நான் இருக்கிற சிட்னி நார்த்மீட்டில் பிறந்தநாள் வீடுகளில் கேட்பார்கள், கையில் வடையோடு. நானும் சலிக்காமல் விளங்கப்படுத்துவேன். உங்களுக்கும் சொல்கிறேன். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

நாட்டின் நடுப்பக்கத்தில் ஆறு என்றால் மணல். வருடக்கணக்காகப் பிள்ளைகள் அதில் பந்தடிப்பார்கள். நிலம் சுட்ட ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும், ஒரு துளி உள்ளே இறங்காது. மலைப்பக்கம் பெய்த மழை, ஊரில் வெயில் எறிக்கும்போதே வந்து சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட ஊர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது வரைபடத்தால்தான். தண்ணீர் வரக்கூடிய இடத்துக்கு நீலம் பூசுவோம். நீலத்துக்குள் வீடு கட்டினால் தரையை உயர்த்தவேண்டும், காப்புறுதிக் கட்டணமும் கூடும். மலையில் மழை என்றால் அவசர சேவைக்காரர் நீலத் தெருக்களின் கதவைத்தான் தட்டுவார்கள். வெள்ளைத் தெருக்களை யாரும் எழுப்புவதில்லை.

அந்த நீலத்தைச் சிட்னியில் இருந்துகொண்டு பூசியவன் நான். இந்திரகுமார் செய்தால் சுத்தமாக இருக்கும் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு.

மயூரா என் தங்கை. அம்மாவும் அப்பாவும் செத்துப்போன பிறகு நான்தான் அவளை ஊரிலிருந்து இங்கே கூப்பிட்டுத் தாதிப் படிப்புப் படிப்பித்தேன். நான் கலியாணம் செய்யவில்லை, தேவைப்படவில்லை. வேலை முடிந்து வந்து இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவோம், செய்தி பார்ப்போம். அவள் சமைக்கும்போது குசினியில் பாட்டு முணுமுணுப்பாள். அது நல்ல வாழ்க்கை.

வில்லாவுட் தடுப்பு முகாமுக்கு அவளைக் கூட்டிப் போனதும் நான்தான். கோயில் ஆட்கள் அங்கே சோறு கொண்டுபோவார்கள். நிதுஷன் அகதியாகப் படகில் வந்தவன், மெலிந்த பெடியன். சோறு வாங்கும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டான். மயூரா பரிமாறியபோது நிமிர்ந்தான்.

வெளியே விட்ட பிறகு, உள்நாட்டு ஊர் ஒன்றில் வேலை செய்தால்தான் விசா நிலைக்கும் என்று அவனுக்குச் சொன்னார்கள். நான் நீலம் பூசுகிற அந்தப் பாலைவன ஊரில் ஒரு டயர்க் கடையில் சேர்ந்தான். மயூரா அங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். நான் மறிக்கவில்லை. கலியாணத்துக்கு மண்டபம் பிடித்ததே நான். எனக்கு ஆத்திரம் இருந்தது என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது பிழை. ஆத்திரக்காரன் சத்தம் போடுவான்.

பிள்ளை பிறந்ததும் வீடு பார்த்தார்கள். சயந்தினி என்று பெயர், தகப்பனின் முகம் அப்படியே. ரயில் பாதை மேட்டை ஒட்டின ஒரு தெரு அவர்களுக்குப் பிடித்திருந்தது. மயூரா என்னிடம் போனில் கேட்டாள்.

“அண்ணா, இந்த ஊர் வெள்ள மப் நீங்கள்தானே செய்யிறீங்கள். அந்தத் தெரு பயமில்லையோ?”

பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். பார்த்தேன். ரயில் மேட்டுக்கு அடியில் ஒரு மதகு இருக்கிறது. அந்தத் தெருத் தண்ணீர் முழுவதும் அதற்குள்ளால்தான் வெளியேற வேண்டும். மரமும் மணலும் வேலிக்கம்பியும் வந்து மதகு அடைபட்டால் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது, தெருவுக்குள்ளேயே எழும்பும். அடைபடும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அந்தத் தெரு நீலம். அடைபடாது என்றால் வெள்ளை. முந்தைய வெள்ளம் ஒன்றில் அது அடைபட்டுக் கிடந்த படம் என்னிடம் இருந்தது.

அடைபடாது என்று போட்டேன். மேலதிகாரி கையெழுத்து வைத்தார்.

அந்தத் தெருவில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அதையும் யோசித்தேன். ஒரு வீட்டுக்கு மட்டும் வெள்ளை பூசினால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமாகத் தெரியும்.

பயமில்லை, வாங்கு என்று மயூராவிடம் சொன்னேன். பிறகு பொறுத்திருந்தேன். வெள்ளம் வராமலே போயிருக்கலாம். வராவிட்டால் என்னிடம் என்ன குற்றம்? அந்த வீட்டில் நான் நாட்கணக்கில் போய் நின்றுமிருக்கிறேன். நிதுஷன் தன் கட்டிலை எனக்கு விட்டுவிட்டு நிலத்தில் பாய் விரித்துப் படுத்தான். பிள்ளைக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்தேன். மாமா, இன்னும் உயர என்று கேட்பாள். ஆட்டினேன்.

போன மாசியில் ஒரு ஞாயிறு காலை, மலைப்பக்கத்து ஆற்று நீர்மட்டம் ஏறுவதைக் கணினியில் பார்த்தேன். ஏறின வேகத்திலேயே மதகின் கதை முடிந்தது என்று தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மயூரா போன் எடுத்தாள். ஆஸ்பத்திரி எல்லாத் தாதிமாரையும் வரச் சொல்லியிருந்தது. ஆஸ்பத்திரி மேட்டில் இருப்பதால் அவளைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை.

“ஆத்தில தண்ணி வருதாம் அண்ணா. இவையளையும் கூட்டிக்கொண்டு போகவோ? பிள்ளைக்குக் காய்ச்சல், இப்பதான் கண்ணயர்ந்தவள்.”

இந்த இடத்தில் நான் நேர்மையாக இருக்கவேண்டும். அதுவரை நான் நினைத்திருந்தது நிதுஷனை மட்டும்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு தகப்பனை உரித்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. மயூரா நார்த்மீட்டுக்குத் திரும்பி வந்தாலும் அந்த முகம் எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

“உங்கட தெருவுக்குத் தண்ணி வராது, மப் நான்தானே கீறினனான்,” என்றேன். “நீ வேலைக்குப் போட்டு வா. அதுகள் நித்திரை கொள்ளட்டும்.”

“ஓம் அண்ணா,” என்றாள்.

பிறகு நிதுஷன் போன் எடுத்தான். அந்த நேரத்திலும் மரியாதை குறையவில்லை.

“அண்ணை, வாசல்ல தண்ணி நிக்குது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயில் மேட்டுக்கு ஓடவோ?”

அப்போதும் ஓடியிருக்கலாம். தண்ணீர் முழங்காலுக்குக்கூட வந்திருக்காது.

“ஓடுற தண்ணிக்க இறங்கக்கூடாது. கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க நில்லுங்கோ. வடிஞ்சிடும்,” என்றேன்.

வெள்ளத்துக்குள் இறங்காதே என்று அரசாங்கமும்தான் சொல்கிறது. அவன் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தான். நான் எழும்பிப் போய், மயூராவின் பழைய அறையில் கட்டில் விரிப்பை மாற்றினேன்.

கூரைத் தகட்டுக்குக் கீழே அவர்களைக் கண்டெடுத்தார்கள். பிள்ளையைத் தான் போட்டிருந்த சேட்டால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தானாம். பக்கத்து வீடுகளிலும் ஆட்கள் செத்துப் போனார்கள். அவர்களுடைய பெயர்கள் எனக்குத் தெரியாது. விசாரணையில் மதகைத்தான் குறை சொன்னார்கள். துப்புரவாக்காமல் விட்டதற்கு நகரசபை மன்னிப்புக் கேட்டது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மயூரா என்னிடம் வந்தாள். நான் சமைத்தேன், அவள் கொஞ்சம் சாப்பிட்டாள். நானே அவர்களை விட்டுவிட்டுப் போனேன் என்று என் தோளில் சாய்ந்து அழுவாள். உன் பிழை இல்லை என்று தலையைத் தடவுவேன். அது பொய்யில்லைத்தானே. அந்த மாதங்களில் எங்கள் வீடு பழையபடி இருந்தது. அவள் பாடவில்லை, அவ்வளவுதான்.

போன கிழமை அவள் மெல்பேர்னுக்குப் போய்விட்டாள். வெரிபீயில் ஒரு அறை எடுத்திருக்கிறாள். என் வீட்டில் மூச்சு முட்டுகிறதாம். போன் எடுத்தால் பதில் இல்லை.

அதனால்தான் நானாகவே பொலிசுக்கு வந்தேன், யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன், அந்தத் தெரு ஆட்களையும் சேர்த்து. எங்கே கையெழுத்து வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் மயூராவுக்கு வாசித்துக் காட்டுங்கள். தனக்காக ஒருவன் எவ்வளவு செய்திருக்கிறான் என்று தெரியாமல்தான் அவள் போயிருக்கிறாள். தெரிந்தால் திரும்பி வருவாள்.