பதினாலாயிரம் கமிட்

இல்லங்க மேடம், உங்க ஹெச்.ஆர். ரிப்போர்ட்ல அந்த வார்த்தைய மட்டும் எழுதாதீங்க. சொன்ன பேச்சு கேக்கலன்னு எழுதிக்கங்க, ஒத்துக்கறேன். மேனேஜர் சொல்ற மாதிரி நாசம் பண்ணேன்னு எழுதினா கையெழுத்துப் போட மாட்டேன். நான் எதையும் அழிக்கல. அழிக்க மாட்டேன்னு சொன்னதுக்குத்தானே இங்க உட்கார வெச்சிருக்கீங்க?

கமிட்டா? ப்ரோக்ராம்ல யாரு எதை மாத்தினாலும் ஒரு பதிவு விழும் மேடம். யாரு, என்னிக்கு, எந்த வரி, எதுக்காக. பதினோரு வருஷத்துல பதினாலாயிரம் சேர்ந்திருக்கு. அதைப் பழைய சிஸ்டத்துலேர்ந்து புதுசுக்குக் கொண்டுபோறது என் வேலை. இன்னிக்கு ஓடுற ப்ரோக்ராம மட்டும் தூக்கிட்டு வா, பழைய குப்பை எதுக்குன்னாரு மேனேஜர்.

குப்பையாம்! பழசுல வெறும் லாகின் பேருதான் இருக்கும். டெம்ப் டூன்னு ஒரு லாகின். அது யாருன்னு கண்டுபிடிக்க, வேலைய விட்டுப் போன ஆறு பேருக்கு போன் போட்டேன். ஒருத்தியோட புருஷன் எடுத்து, என் பொண்டாட்டி எந்தத் தப்பும் பண்ணலைங்கன்னு பதறிட்டாரு.

ஆமா, ரெண்டு நாள் யாரும் கமிட் போடக்கூடாதுன்னு பழைய சிஸ்டத்தைப் பூட்டினது நான்தான். மெயில் அனுப்பிட்டுத்தான் பூட்டினேன். ஓடுற பஸ்ல டயர் மாத்த முடியுமா, சொல்லுங்க?

அதுக்கெல்லாம் மேனேஜர் இவ்ளோ குதிக்கல. புதுசுல ட்ரயலா ஏத்திக் காட்டினதைப் பார்த்தப்புறம்தான் குதிச்சாரு. கடைசியா சேர்த்த மெயின் மட்டும் போதும், அவங்கவங்க எழுதி வெச்ச பிராஞ்ச் எல்லாத்தையும் வெட்டி விடு, உனக்கும் அதான் நல்லதுன்னாரு.

பெரியண்ணனைத் தெரியுமா உங்களுக்கு? நீங்க வர்றதுக்கு முன்னாடி. எங்க டீம்லயே மூத்தவரு. ஆஸ்பத்திரிக்கு நாம குடுக்கற மருந்து அளவு ப்ரோக்ராம் இருக்கே, அதுல குழந்தையோட எடைய பவுண்டுல வாங்கி கிலோன்னு கணக்குப் போட்ட வரி ஒண்ணு. ஒரு குழந்தைக்கு ரெண்டு மடங்கு மருந்து ஏறிடுச்சு. பொழச்சுக்கிச்சு, பதினோரு நாள் கழிச்சு. அந்த வரிக்கு நேரா பெரியண்ணன் பேரு இருந்துது. அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் ஒரு கம்பெனியும் எடுக்கல. இப்ப பிரிண்டர் ரிப்பேர் பண்றாரு.

ஆனா பேரு எப்படி விழுந்துதுன்னு கேளுங்க. நாங்க தனித்தனியா பிராஞ்ச்ல எழுதுவோம். முடிஞ்சதும் அவர்தான் எடுத்து மெயின்ல சேர்ப்பாரு. பழைய சிஸ்டம் மெயின்ல சேர்த்தவர் பேரைத்தான் காட்டும். பிராஞ்சும் சேர்ந்து வந்தா எழுதினவங்க பேரு தெரியும். வெட்டினா போச்சு, அவர் பேரே நிரந்தரம். மேனேஜருக்கும் நிம்மதி. விசாரிக்காம அனுப்பினது அவர்தானே!

பெரியண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். சேர்த்தது நான், பார்த்திருக்க வேண்டியதும் நான்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருக்காரு. எழுதினவங்க அப்ப பிரசவத்துக்கு லீவுல இருந்தாங்க. எட்டாம் மாசம். திரும்பி வந்து, இவ்ளோ சீனியர் இப்படியா பண்ணுவாருன்னு எல்லாரோடவும் சேர்ந்து அவங்களும் பேசினாங்க, ஒண்ணும் தெரியாம.

இல்ல, மனசு மாறல. அந்தப் பதிவுகளைத் திருத்தி எழுதித் தர மாட்டேன். பழைய சர்வரை வெள்ளிக்கிழமை நிறுத்தியாச்சு. பதினாலாயிரமும் புதுசுல இருக்கு, ஒண்ணு குறையாம. எல்லாரும் அதுலேர்ந்து அவங்கவங்க மெஷின்ல காப்பி எடுத்தாச்சு. இனி மாத்தினா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

காலையில அந்த எடை வரி இருக்கற பக்கத்த பிரிண்ட் எடுத்துட்டு பெரியண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தாங்க. வாசல்லயே நின்னு படிச்சாங்க. உள்ள வான்னு சொல்லல. சொல்லணும்னு நானும் எதிர்பார்க்கல.

அந்த வரிய எழுதினவங்க பேரா? அந்தப் பக்கம் உங்க ஃபைல்லயே இருக்கு மேடம். நான் கொண்டு வந்ததுதான். பாருங்க, என் பேருதான்.