நாலு பிளக்கின் நிறம்

தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சர்க்கரைதான் அரைக் கரண்டி தூக்கல். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், ஸ்பார்க் பிளக் சமாச்சாரத்தில் அவசரம் ஆகாது.

என் பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தப் பிளக் பொருந்தும் என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்தொன்பது வருடம் ஆயிற்று. வழி ஒன்றுதான். மேட்டில் முழு வேகத்தில் ஏறவேண்டும். சட்டென்று எஞ்சினை அணைத்து, வண்டியை உருளவிட்டு நிறுத்தி, பிளக்கைக் கழற்றி முனையைப் பார்க்கவேண்டும். கறுப்பு என்றால் சூடு போதவில்லை. வெள்ளை என்றால் சூடு அதிகம். பிஸ்கட் நிறம் என்றால் சரியான பிளக். ஓட்டுகிறவன் ஸ்டீயரிங்கை விடக்கூடாது. ஆகவே சாவியைத் திருப்ப இன்னொருவர் வேண்டும். பத்தொன்பது வருடமும் என் மனைவி வினிஃப்ரெட்தான் திருப்பினாள்.

போன வருடம் அவள் டெஸ்மண்ட் பார்ஜெட்டரோடு போய்விட்டாள். அதில் எனக்கு வருத்தமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். விவாகரத்தில் காரையும் கேட்டு வாங்கினாள். அதிலும் வருத்தமில்லை.

ஜூன் மாதம் எங்கள் ஷ்ராப்ஷயர் கார் சங்கம் மதுக்கடையில் கூடியது. முப்பது பேர் முன்னால், என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், டெஸ்மண்ட் நான் காரில் போட்டிருந்த பிளக் நாலையும் கழற்றிவந்து கொட்டினான். கரி பிடித்திருந்தன. அவன் மாதிரி ஊர்ந்து ஓட்டினால் எதுவும் கரி பிடிக்கும்.

"என்ன கில்பர்ட், பிளக்காய்யா இது? உங்க வீட்டுப் புகைபோக்கியிலேர்ந்து உருவிப் போட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சூடு பத்தாத பிளக்குய்யா. சூட்டுல ஒரு நம்பர் கூடுதலா போட்டேன், வண்டி பறக்குது. வினி, நீயே சொல்லேன்."

"விடு டெஸ், பாவம், அவரு மனசு கஷ்டப்படும்," என்றாள். சொல்லும்போதே அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது.

நான் தட்டிலிருந்த பட்டாணியை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தேன்.

"ஒரு நம்பர் கூடுச்சுன்னா வெள்ளையாயிரும் டெஸ்மண்ட். சோதிச்சுப் பாரு. அதுக்கு முன்னாடி வண்டிய ஒரு நாள் என்கிட்ட விடு. கார்புரேட்டரைச் சரிபண்ணித் தரேன்."

"பாத்தியா வினி, மனுஷன் தங்கம்," என்றான் அவன்.

கார்புரேட்டரைச் சரியாகவே செய்தேன். அந்தக் காரில் திருடனுக்காக ஒரு பூட்டு உண்டு: சாவியைக் கடைசிவரை திருப்பினால் ஸ்டீயரிங் இறுகிக்கொள்ளும். ஓட்டத்தில் அப்படி நேராமல் உள்ளே நகத்தளவு இரும்பு நாக்கு ஒன்று தடுக்கும். அதை அரத்தால் தேய்த்து எடுத்தேன். நாற்பது நிமிட வேலை.

சாவியைக் கொடுத்தபோது, "குவாரி மேட்டுல, உச்சி வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடி அணைக்கணும். கடைசிவரை திருப்பணும்," என்றேன்.

"எனக்கே சொல்றியா கில்? எத்தன தடவ திருப்பியிருக்கேன்," என்றாள் வினிஃப்ரெட்.

அவள் என்னைக் கில் என்று கூப்பிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்போது மனம் மாறவில்லையா என்று கேட்பீர்கள். இனி அவனுக்காகத் திருப்பப் போகிறாள் என்றுதான் தோன்றியது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அந்த வளைவுக்கு நேர் கீழே குவாரிப் பள்ளத்தில் பிளக் ஸ்பேனரோடும் பிளாஸ்க்கில் தேநீரோடும் காத்திருந்தேன். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். சாலை வளைந்தது; கார் வளையவில்லை.

டெஸ்மண்டுக்கு உடனே உயிர் போய்விட்டது. வினிஃப்ரெட் பேசினாள்.

"கில், காலு இருக்கறதே தெரியல கில். யாரையாவது கூப்பிடேன்."

"இதோ வந்துட்டேன்," என்றேன். எஞ்சின் மூடி பிய்ந்து போயிருந்தது வசதியாயிற்று. முதல் மூன்று பிளக்கும் சுலபமாக வந்தன. நாலாவது முரண்டு பிடித்தது. இருபது நிமிடம். அது கையில் வந்தபோது அவள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

ஆகவே இரண்டு பேரையும் கொன்றது நான்தான், மறுக்கவில்லை. காரணத்தை மட்டும் சரியாக எழுதுங்கள். மனைவி, பொறாமை என்றெல்லாம் எழுதாதீர்கள். தப்பான பிளக்கைப் போட்டுவிட்டு, முப்பது பேர் முன்னால் என்னைத் தப்பு என்றான். அவ்வளவுதான். சாட்சிக்கு, அவன் போட்ட பிளக் நாலும் உங்கள் மேசைமேல் இருக்கின்றன.

பிஸ்கட் நிறமாக இருக்கிறதே என்கிறீர்கள். உங்கள் கான்ஸ்டபிளும் தலையாட்டுகிறார்.

உங்கள் அறை விளக்கு மஞ்சள், இன்ஸ்பெக்டர். அந்த ஜன்னல் திரையை விலக்குங்கள். வெள்ளை தெரியும்.