எச்சில்ல தெரிஞ்ச பாசம்

அட, மூஞ்சியத் திருப்பிக்காதீங்க சார். நான் மட்டுமா மாத்தித் தூக்கினேன்? நீங்களும்தான தூக்கினீங்க! போன வாரம் உங்க கையில என் பொண்ணு, என் கையில உங்க பையன். சரிக்குச் சரியாப் போச்சு. இப்ப அவங்கவங்க புள்ள அவங்கவங்க மடியில இருக்கு, அப்புறம் என்ன? உள்ள ரெண்டு பொம்பளைங்களும் டாக்டரம்மாவ வறுத்து எடுத்து முடிக்கிற வரைக்கும் நமக்கு இந்த பெஞ்சுதான் கதி.

கதவு சாத்தியிருந்தும் கேக்குது பாருங்க. அந்தக் கணீர்க் குரல் எங்க வீட்டம்மா. நடுநடுவுல அழுதுகிட்டே திட்டுறது உங்க வீட்டம்மா. டாக்டரம்மா சத்தத்தையே காணோம். பாவம், ஹார்மோன் ஆராய்ச்சிக்குப் பேர்போன ஆளு, வாயத் தொறக்க முடியல.

நான் ஓயாமப் பேசுறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்குடுக்கிறவன் நான். பக்கத்துல உக்கார்றவங்க பயத்துல ஸ்டியரிங்கக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு வாயே தொறக்க மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் பேசணும். அப்படியே பழகிப் போச்சு. நீங்களும் நல்லா மாட்டினீங்க.

யோசிச்சுப் பாத்தா இதுல நம்ம தப்பு என்ன இருக்கு, சொல்லுங்க? அன்னைக்கு ஆராய்ச்சி ஆரம்பிக்கும்போதே அம்மாக்களை எல்லாம் டீ குடிச்சுட்டு வாங்கன்னு வெளிய அனுப்பிட்டாங்க. அம்மா பக்கத்துல இருந்தா, புள்ள லேசா சிணுங்கினாலே அப்பன் கைமாத்தி விட்டுட்டு நழுவிடுவானாம். அது வாஸ்தவம்தான், நான் மறுக்கல. அப்புறம் எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு, ஒரே வெள்ளத் தொப்பி, ஒரே வெள்ளப் போர்வை. விளக்க வேற மங்கலாக்கிட்டாங்க. அந்த உதவியாளர் பொண்ணு முட்டைக்கோஸ் மாதிரி சுத்திக் கொண்டாந்து, இந்த ரூமுக்கு ஒண்ணு அந்த ரூமுக்கு ஒண்ணுன்னு குடுத்துட்டுப் போயிடுச்சு. தூங்குற முட்டைக்கோஸ்ல எது பையன் எது பொண்ணுன்னு யாருக்குத் தெரியும்?

அதுவும் எனக்கு அன்னைக்கு இருந்த பதட்டத்துல யானையக் குடுத்திருந்தாலும் தூக்கியிருப்பேன். புள்ளையத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு டியூபுல எச்சில் துப்பணும், தூக்கி வச்சிருந்துட்டு இன்னொரு டியூபுல துப்பணும், ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும், அதான ஆராய்ச்சி? எனக்கு மொத டியூபுக்கே எச்சில் வரல சார். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அந்தப் பொண்ணு எலுமிச்சம் பழத்த நெனைச்சுக்குங்க சார்ங்குது. நெனைச்சேன். எங்க அக்கா மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு.

சிரிக்கிறீங்க. அப்பாடா, சிரிச்சீங்களே!

அக்காதான் சார் எல்லாத்துக்கும் காரணம். வீட்டுக்கு வந்தா, புள்ளைய எட்டிப் பாத்தா, என்னையும் பாத்தா. டேய், பாசங்கிறது ரத்தத்துல ஊறி வரணும், உனக்கு வராதுடான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போயிட்டா. அன்னைலேர்ந்து எனக்கு நிம்மதி போச்சு. புள்ளையத் தூக்கும்போதெல்லாம் உள்ளுக்குள்ள ஏதாவது வருதா, வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்படிப் பாத்தா எது சார் வரும்? தும்மல்கூட வராது. அப்பதான் இந்த அப்பாக்கள் ஆராய்ச்சி பத்திக் கேள்விப்பட்டேன். சரி, நம்ம மனசு பொய் சொன்னாலும் எச்சில் பொய் சொல்லாதுன்னு வந்துட்டேன்.

டாக்டரம்மா உங்களுக்கும் விளக்கினாங்களா? தலைக்குள்ள, மூளைக்கு அடியில, பட்டாணி அளவு ஒரு சுரப்பியாம். அதுலேர்ந்து ஆக்சிடோசின் எறங்குமாம். பிரசவ வலிய முடுக்கி விடுறதும் அதுதானாம், தாய்க்குப் பால் பீச்ச வைக்கிறதும் அதுதானாம், சில அப்பன்களுக்குப் புள்ளையத் தூக்கினா ஏறுறதும் அதுதானாம். பால்னு சொன்ன உடனே நான் என் சட்டையக் குனிஞ்சு பாத்துக்கிட்டேன். அதெல்லாம் வராது, பயப்படாதீங்கன்னு சொன்னாங்க. அப்ப ரத்தத்துலதான ஊறுதுன்னு கேட்டேன். இல்லையாம். தலையில ஊறி ரத்தத்துல போகுதாம், ரத்தம் வெறும் ரோடுதானாம். எனக்கு அந்த ஒரு வார்த்தை புடிச்சுப் போச்சு சார். ரோடுன்னா நமக்குத் தெரியுமே.

இன்னைக்குத் திரையில அந்த ஆக்சிடோசின் கோட்டக் காட்டினாங்க பாருங்க! மொத டியூபுல தரையோட கெடந்தது, ரெண்டாவதுல மேம்பாலம் ஏறுற மாதிரி ஏறுது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எந்திரிச்சு டாக்டரம்மா கையப் புடிச்சுக் குலுக்கிட்டேன். அதோட விட்டிருக்கலாம்ல? வீடியோவும் பாருங்கன்னு போட்டாங்க. வந்துது வினை.

வீடியோல நான் அந்த மூட்டைய மடியில வச்சுக்கிட்டு, கிளட்ச மெதுவா விடு கண்ணு, பதறாத, கண்ணாடியப் பாருன்னு கொஞ்சிக்கிட்டு இருக்கேன். தாலாட்டு எதுவும் தெரியாது சார், தெரிஞ்சதத்தான சொல்ல முடியும்? உங்க பையனுக்கு மூணாவது கியர் வரைக்கும் சொல்லிக் குடுத்துட்டேன், மிச்சத்த நீங்க பாத்துக்குங்க. அவன் ஒரு கொட்டாவி விட்டான் பாருங்க, எங்க வீட்டம்மா சீட்ட விட்டுக் குதிச்சா. யோவ், நம்மது கொட்டாவி விட்டா ஒத்தக் கண்ணத்தான் மூடும், இது ரெண்டையும் மூடுது, இது யார் வீட்டுப் புள்ளன்னு ஒரே கத்து. டாக்டரம்மா மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

நீங்க என்னமோ உத்தமர் மாதிரி உக்காந்திருக்கீங்க! உங்க வீடியோவும் ஓடுச்சுல்ல? என் பொண்ண நெஞ்சுல போட்டுக்கிட்டு கொறட்ட விட்டுத் தூங்குறீங்க. அப்பவும் உங்க கோடு ஏறியிருக்கு! தூக்கத்துலயே பாசம் வைக்கிற ஆள இப்பதான் சார் பாக்குறேன். கோவிச்சுக்காதீங்க, சந்தோஷமாத்தான் சொல்றேன். நல்ல மனசு இருந்தாத்தான் அப்படி வரும்.

என்ன? கெட்டுப்போன சாம்பிள் போனாப் போகுது, அடுத்த வாரம் வந்து திரும்பத் துப்பினாப் போச்சா? உங்களுக்கு ஈசியாப் போச்சு. டாக்டரம்மாவும் அதத்தான் சொன்னாங்க. யாரோ பெத்த புள்ளையத் தூக்கினது, இது செல்லாது, தூக்கிப் போட்டுடுறேன்னாங்க. தயவுசெஞ்சு போட்டுடாதீங்கம்மான்னு கெஞ்சினேன். அதுக்குள்ள பொம்பளைங்க ரெண்டு பேரும் நம்மள வெளிய தள்ளிட்டாங்க.

ஏன்னா, எனக்கு அது ஒண்ணுதான் சார் செல்லும். என் மடியில இருக்கிற இவளும் யாரோ பெத்த புள்ளதான்.

ஆமா சார். குழந்தைகள் இல்லத்துலேர்ந்து தூக்கிட்டு வந்து ஒரு மாசந்தான் ஆகுது. வச்சிருந்து பழகிப் பாருங்க, அப்புறம் முடிவு சொல்லுங்கன்னு விட்டிருக்காங்க. நாளைக்குப் போய்ச் சொல்லணும், வச்சுக்கிறோமா, திருப்பிக் குடுத்துடுறோமான்னு. எங்க வீட்டம்மா மொத நாளே சரின்னுட்டா. நான்தான் மென்னு முழுங்கிக்கிட்டுத் திரியுறேன். வளந்தப்புறம் இந்தப் புள்ள என்கிட்ட வந்து அப்பன் பாசத்தத் தேடி, அது இல்லாமப் போயிட்டா? அந்தப் பயந்தான் சார், வேற ஒண்ணுமில்ல. ஆனா பாருங்க, முன்ன பின்ன தெரியாத உங்க பையனுக்கே எனக்கு அவ்ளோ ஏறியிருக்கு.

சத்தம் அடங்கிடுச்சு. இப்பவே போய் எங்க வீட்டம்மாகிட்ட நானும் சரின்னு சொல்லிடுறேன், இல்லன்னா இன்னும் ஏதாவது யோசிச்சுக்கிட்டு நிப்பேன். சார், ஒரே ஒரு நிமிஷம், இவளக் கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா? தலையத் தாங்கி, ஆங், அப்படித்தான்.

இல்ல சார். வேணாம், குடுங்க. நானே தூக்கிட்டுப் போறேன்.