இஞ்சின் மேல் வந்த உசுரு

ராமக்காள்: பஸ்ஸு இஞ்சின் மேலயா? பட்டுப்பூச்சி முட்டையவா?

குப்புராஜ்: இஞ்சின் மேல இல்ல புள்ள. இஞ்சினுக்கு ஒரு மூடி இருக்குதில்ல, டிரைவர் பக்கத்துல... அது மேல.

ராமக்காள்: ரெண்டுக்கும் என்னாங்க வித்தியாசம்?

குப்புராஜ்: மூடி மேல ஒரு கோணி போட்டிருந்தாங்க.

ராமக்காள்: ஓசூருல ஏறி தருமபுரி வர்ற வரைக்கும் அங்கயேவா? இத்தினி நாளா வாயத் தொறக்காம, பொரியற நாளு அன்னைக்கு வந்து சொல்றீங்களே...

குப்புராஜ்: பக்கத்து சீட்டுல ஒரு ஆளு பீடி பத்த வெச்சான். பொகை பட்டா முட்டை போயிடும்னு பட்டு ஆபீசர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாரா... காப்பாத்தலாம்னுதான் முன்னால கொண்டுபோயி வெச்சன்.

ராமக்காள்: பொகைக்குத் தப்பிச்சி அடுப்புல ஏத்தி வெச்சீங்க.

குப்புராஜ்: டிரைவர்கூட கேட்டாரு, "என்னாய்யா அட்டையில கசகசாவ ஒட்டி எடுத்தாந்திருக்கற"ன்னு.

ராமக்காள்: சிரிக்காதீங்க. உங்க அண்ணன் என்னா சொல்லியிருக்காரு?

குப்புராஜ்: "கேவுரு வெளையற காட்டுல மல்பெரி வெச்சிப் புழுவுக்குப் போடறான் எந்தம்பி. இந்த ஒரு தடவை பாப்பன். புழு வரலன்னா ஏரைப் பூட்டி அத்தனை செடியையும் பொரட்டிடுவன்." ஊரே கேக்கச் சொன்னாரு. என் காதுல மட்டும் விழாமலா போயிருக்கும்?

ராமக்காள்: அட்டையக் கதவுகிட்ட கொண்டாந்து வெளிச்சத்துல பாருங்க. நெறம் எப்பிடி இருக்குது?

குப்புராஜ்: நீயே உள்ள வந்து பாரேன்.

ராமக்காள்: நான் தூரமுங்க. புழு ரூமுக்குள்ள காலு வெக்கலாமா?

குப்புராஜ்: ஆமாமா, அங்கயே நில்லு. நான் பண்ணின பாவமே போதும். நெறமா... பாதி அட்டை நீலம் பாஞ்சாப்பல இருக்குது. பாதி வெளுப்பு.

ராமக்காள்: நீலம் பாஞ்சா நல்லதும்பாங்க. வெளுத்ததுல குழி விழுந்திருக்குதா?

குப்புராஜ்: ...கொஞ்சம்.

ராமக்காள்: கொஞ்சம்னா?

குப்புராஜ்: கொஞ்சம் நெறையா.

ராமக்காள்: பொழுது ஏறிடுச்சிங்க. பொரியறதா இருந்தா இந்நேரம் ஒண்ணு ரெண்டாவது...

குப்புராஜ்: அவசரப்படாத. எனக்கு ஒண்ணு வெளங்கல புள்ள. நாலு பக்கமும் அடைச்ச முட்டை. கதவில்ல, சன்னலில்ல. இதுக்குள்ள உசுரு எந்தப் பக்கமா பூந்திருக்கும்?

ராமக்காள்: வெளியேருந்து எதுக்குப் பூரணும்? தாயிகிட்ட இருந்ததுதான்.

குப்புராஜ்: அந்தத் தாய்க்கு?

ராமக்காள்: அதோட தாயி.

குப்புராஜ்: அப்பிடியே பின்னால போயிக்கினே இருந்தா மொத தாயி ஒருத்தி நிப்பாளே, அவளுக்கு யாரு குடுத்தது? சந்திரனுக்குப் போனவனுங்க மூட்டை கட்டி எடுத்தாந்தது பூரா கல்லாம். ஒரு எறும்பு இல்லியாம். பேப்பர்ல போட்டிருந்தான். இங்க மட்டும் எப்பிடி வந்துச்சு?

ராமக்காள்: எனக்கென்னங்க தெரியும்? கல்லும் தண்ணியும் வெயிலும் இங்க ஒண்ணா இருந்திருக்கும். எதோ ஒரு குட்டையில, யாரும் பாக்காத நேரத்துல...

குப்புராஜ்: வெயிலு! பாத்தியா, சூட்டுலதான் உசுரே உண்டாயிருக்குது. அப்ப இஞ்சின் சூடும்...

ராமக்காள்: வாய மூடுங்க.

குப்புராஜ்: மூடிட்டன். ...ஆனா இதையும் சொல்லு. செத்த முட்டையும் அசையல, இருக்கற முட்டையும் அசையல. எதை வெச்சிப் பிரிக்கறது? தின்னாத்தான் உசுருன்னா நெருப்பு என்னைவிட நல்லா தின்னுது. ஒரு பொறி பறந்தா பக்கத்து வைக்கப்போரும் நெருப்பு. குட்டி போட்ட கணக்குதான்.

ராமக்காள்: நெருப்பு தன்னைச் செஞ்சிக்காதுங்க. வெறகு போட்டா எரியும், போடலன்னா அணையும். உள்ள இருக்கற உசுரு அப்பிடியா? சும்மா கெடக்கறாப்பல கெடந்துக்கினு, கண்ணு, வாயி, காலுன்னு தன்னைத்தானே செஞ்சிக்கும். நாம கை வெக்க முடியாது. எட்டிப் பாக்கவும் முடியாது.

குப்புராஜ்: ரொம்ப யோசிச்சி வெச்சிருக்கற போல.

ராமக்காள்: வெளியவே நிக்கறவளுக்கு வேற என்னா வேலை?

குப்புராஜ்: உனக்கு பயமா இல்ல?

ராமக்காள்: நேத்து இருந்தது இன்னைக்கும் இருக்குதான்னு தெரியாம... அந்த பயம் ஒண்ணுதாங்க எப்பவும்.

குப்புராஜ்: இரு... இரு புள்ள. ஓரத்துல மயிருத் துண்டாட்டம் என்னமோ...

ராமக்காள்: தூசியா இருக்கும். ஊதிடாதீங்க!

குப்புராஜ்: ஊதறதா? நான் மூச்சே விடல. ...தூசி தலைய தூக்குமா?

ராமக்காள்: தூக்குதா?

குப்புராஜ்: தூக்குது புள்ள! கருப்பா... இதா இன்னொண்ணு. அட, இந்தப் பக்கம் பூரா நெளியுது!

ராமக்காள்: அந்த வெளுத்த பாதி?

குப்புராஜ்: ...அப்பிடியேதான் கெடக்குது. அது நான் கொன்னது.

ராமக்காள்: வந்ததைப் பாருங்க இப்ப. கொழுந்தா நறுக்கி, வாசப்படிகிட்ட ஈரத்துணியில மூடி வெச்சிருக்கறன். மெதுவா தூவுங்க.

குப்புராஜ்: பாதிதான் வந்துச்சின்னு அண்ணன் ஏரைப் பூட்டிடுவாரா?

ராமக்காள்: புழு வரணும்னுதான சொன்னாரு? வந்திருக்குதில்ல. அவருகிட்ட நான் பேசிக்கறன்.

குப்புராஜ்: தின்னுது புள்ள! இத்துனூண்டு வாய வெச்சிக்கினு... ஓடிப்போயி தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வா. இதை நீ பாக்காம எப்பிடி?

ராமக்காள்: நீங்க பாத்தா போதும்.

குப்புராஜ்: அட வான்னா...

ராமக்காள்: வேணாங்க.

குப்புராஜ்: அதென்னா, ரூமுக்கு மருந்தடிச்சப்பவும் தூரம்ன. நான் ஓசூரு போனப்பவும் தூரம்ன. இன்னைக்கும் தூரமா?

ராமக்காள்: கொழுந்து போதுமா, இன்னும் பறிச்சாரட்டுமா?

குப்புராஜ்: பேச்ச மாத்தாத. போன வருசம் மாதிரி நிக்காம போவுதா? ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. புழு கெடக்கட்டும்.

ராமக்காள்: அதெல்லாம் ஒண்ணும் போவல.

குப்புராஜ்: அப்பறம் என்னா? ...ராமு, நான் சிரிக்கல பாரு. ஒரு தடவையாவது நேரா சொல்லு.

ராமக்காள்: தூரமே இல்லைங்க. மூணாவது மாசம் நடக்குது. அந்த மருந்து நெடிக்குப் பயந்துதான் உள்ள வராம வெளிய நின்னன். போன தடவை தெரிஞ்ச அன்னைக்கே சந்தோசத்துல பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லிட்டீங்க. அது தங்காம போனப்ப, சந்தையில ஒவ்வொருத்தருக்கா நான்தான் பதில் சொன்னன். இந்தத் தடவை அது அசையற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்னு இருந்தன், உங்களுக்கும்தான். இப்பவே அசையாதுன்னு நர்சம்மா சொல்றாங்க... ஆனாலும் இத்தினி நேரமா வயித்து மேல கைய வெச்சிக்கினுதாங்க நின்னுக்கினு இருக்கறன்.