எஃப் வராத மூணு பாட்டு

— அது வேண்டாம். அதுல எஃப் வருது.

— எஃப் வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— பதினோரு வருஷமா உங்களையும் இந்த கிட்டார் பொட்டியையும் சேத்து வச்சுத்தானே குடும்பம் நடத்தறேன். ஒரே விரலால கம்பி பூரா அழுத்தணுமே, அந்த எஃப் கார்டு வந்தா உங்க மூஞ்சி போற போக்கு எனக்குத் தெரியாதா.

— எப்படிப் போகும்?

— லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா அண்ணாந்து பாப்பீங்களே, அந்த மாதிரி.

— அது லிஃப்ட் மெக்கானிக்கோட வேலை மூஞ்சி.

— ரெண்டும் ஒரே மூஞ்சிதான். சரி, நேரமாகுது. ஆறு மணிக்கு கீபோர்டுக்காரர் போன் பண்ணுவார். மூணு பாட்டு சொல்லியாகணும். இல்லைன்னா...

— இல்லைன்னா சனிக்கிழமை நூலகத் திறப்பு விழாவுல நான் கிடையாது. கிட்டாரும் மூணாவது மாடிப் பொண்ணுக்குப் போயிடும்.

— அப்படி வாக்கு கொடுங்கன்னு உங்கள யாரு கேட்டா?

— பத்து மாசமா பொட்டி கட்டிலுக்கடியில கிடக்கு. வாசிக்கத் தெரிஞ்ச பொண்ணு கேக்கறா. என்ன சொல்றது? மணிக்கட்டு ஒடிஞ்சவன் கிட்டாரைக் கட்டிக்கிட்டுத் தூங்கறேன்னு சொல்லவா?

— எலும்பு சேந்து போச்சு. மத்ததும் சரியாகும். அதெல்லாம் போகாது கிட்டார். நான் இருக்கேன்ல.

— ஊசிக்காரி சொன்னா சரிதான்.

— ரத்தப் பரிசோதனைக் கூடம்னு ஒண்ணு இருக்கு. அதுல நான் சீனியர். இந்த ஊசிக்காரிய விடவே மாட்டீங்களா?

— விட மாட்டேன்.

— கைய நீட்டுங்க. தைலம் தேச்சுக்கிட்டே பேசலாம்.

— ஆ... மெதுவா.

— இன்னுமா வலிக்குது?

— அந்தச் சுண்டுவிரல் பக்கம்... ஆ. அங்கதான்.

— ரொம்பத்தான். குழந்தைங்ககூட என்கிட்ட இவ்வளவு கத்தாது.

— உன் விரல் நுனி என்ன இப்படிச் சொரசொரன்னு இருக்கு?

— கையுறைய நூறு தடவை கழட்டி மாட்டினா பட்டு மாதிரியா இருக்கும்?

— வலது கை மட்டும் சொரசொரன்னு இருக்கே.

— ...வலது கைக்குத்தான் வேலை அதிகம். பாட்டைச் சொல்லுங்க.

— மழைப் பாட்டு.

— நடுவுல ஒரு ஓட்டம் வருமே, விரல் கண்ணுக்கே தெரியாம ஓடுமே, அதுவா?

— அதேதான். அதுதான் என் பேரச் சொல்ற பாட்டு.

— பேரச் சொல்றதுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பத்து மாசம் கழிச்சுக் கிட்டார் எடுக்கறவர் முதல் நாளே ஓட்டப் பந்தயத்துலயா நிக்கறது? எனக்கு ஒரு கணக்கு இருக்கு, கேளுங்க.

— சொல்லுங்க டீச்சர்.

— கிண்டல் பண்ணா சொல்ல மாட்டேன்.

— பண்ணல. சொல்லு.

— முதல்ல, நீங்க பல்லு தேய்க்கும்போது முணுமுணுக்கற பாட்டா இருக்கணும். யாரும் கேக்காமலே வாயில வரணும். விரல் அடுத்த இடத்தைத் தேடற நேரத்துல வாய் பாட்டைப் பிடிச்சு வச்சுக்கும். பாட்டு நிக்காது.

— ம். அப்புறம்?

— மூணு கார்டுக்கு மேல கூடாது. நாலாவது வந்தா பாட்டை அனுபவிக்க மாட்டோம், பயந்துகிட்டே இருப்போம்.

— இருப்போமா?

— இருப்பீங்க. அப்புறம், தப்பு விட்டாலும் சிரிச்சுக்கிட்டே வாசிக்கிற பாட்டா இருக்கணும். மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டு வாசிக்கற பாட்டு எதுவும் வேண்டாம். பிடிச்ச பாட்டுன்னா ஐம்பது தடவைகூட அலுக்காம வாசிக்கலாம். பிடிக்காத பாட்டை அஞ்சு தடவைக்கு மேல எவனும் வாசிக்க மாட்டான்.

— ரொம்ப யோசிச்சிருக்க.

— உங்களுக்காகத்தான்.

— எனக்காகத்தான். தெரியுது. சரி, பால் பொங்கின பாட்டு?

— ஐயோ, அதேதான். நான் சொல்லணும்னு இருந்தேன். கல்யாணமான புதுசுல நீங்க அதை வாசிக்க, நான் வாயப் பாத்துக்கிட்டு நிக்க, அடுப்பெல்லாம் பால்.

— அப்புறம் ரெண்டு பேரும் வெறும் ரொட்டியத் தின்னுட்டு வேலைக்குப் போனோம்.

— அது ஒண்ணு. எழுதிட்டேன். ரெண்டாவது?

— சண்டைப் பாட்டு.

— நாம சண்டை போட்டா, பேசறதுக்குப் பதிலா வாசிச்சுக்கிட்டே அடுக்களை வாசல்ல வந்து நிப்பீங்களே, அது. நல்ல பாட்டுதான். ஆனா வேகம் ஜாஸ்தி.

— மெதுவா வாசிக்கலாம். பாதி வேகத்துல.

— நீங்களா சொல்றீங்க? வேகம் குறைச்சா உங்களுக்கு உயிர் போகுமே.

— கை இருக்கற நிலைமைல வேற என்ன பண்றது. ஆ... அழுத்தாத.

— நான் இப்ப தொடவே இல்லையே.

— ...முன்கூட்டியே வலிக்குது.

— நல்லா வலிக்கும். அதுவும் எழுதியாச்சு. மூணாவது?

— படகுப் பாட்டு. ஆனா அதுல ஜி-ல இருந்து சி-க்குப் போற இடம் கொஞ்சம் திக்கும்.

— அது ஒண்ணும் கஷ்டமில்ல. நடுவிரலை முன்னாலயே நகத்தி வச்சுக்கிட்டா...

— வச்சுக்கிட்டா?

— ...வச்சுக்கிட்டா வரும்னு நீங்கதான் ஒரு தடவ யாருக்கோ சொல்லிக் கொடுத்தீங்க.

— யாருக்கு?

— யாருக்கோ. எனக்கென்ன ஞாபகம் இருக்கு.

— சரி, பொட்டிய வெளிய எடு. ஒரு தடவ வாசிச்சுப் பாத்துட்டே முடிவு பண்ணிடலாம்.

— இப்ப வேண்டாம்.

— ஏன்?

— கையெல்லாம் தைலம். கம்பியெல்லாம் வழுக்கும்.

— துடைச்சுக்கறேன்.

— கம்பி துரு பிடிச்சிருக்கும். அறுந்து கண்ணுல அடிச்சா?

— அப்ப எப்பத்தான் திறக்கறது?

— போன் வரட்டும். அவர்கிட்ட முதல்ல சம்மதம் சொல்லுங்க. சம்மதம் சொல்லிட்டா நீங்க பின்வாங்க மாட்டீங்க. அப்புறம் திறக்கலாம்.

— நீ சொன்னா சரி.

— என்ன, சொன்னதும் கேட்டுட்டீங்க? ஒரு வாதம் இல்ல, ஒண்ணும் இல்ல.

— வயசாகுது. அதோ, போன்.

— எடுங்க. தைரியமாப் பேசுங்க.

— ஹலோ... ஆமாய்யா, முடிவு பண்ணியாச்சு. மூணு பாட்டு. பால், சண்டை, படகு... ஆமா, எங்க வீட்டுப் பேருதான், உனக்குத் தெரியுமே. எல்லாம் பாதி வேகம்... ஆமா. ரெண்டு. ரெண்டேதான். எதிரெதிரா... ம். சரி, வச்சிடறேன்.

— என்ன ரெண்டு?

— மைக்கு.

— ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு மைக்?

— கிட்டாருக்கு ஒண்ணு, வாய்க்கு ஒண்ணு. இப்ப பொட்டிய எடுக்கலாமா?

— ...அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.

— நான் என்னிக்குக் கத்தினேன்?

— கம்பியெல்லாம் தலைகீழா இருக்கும்.

— தலைகீழான்னா?

— மேல இருக்க வேண்டிய தடிக் கம்பி கீழ. கீழ இருக்க வேண்டியது மேல. கிட்டார் கடைல கொடுத்து நான்தான் மாத்தினேன். கடைக்காரர் கேட்டார், நீங்க இடது கைப் பழக்கமாம்மான்னு. ஆமான்னு சொல்லிட்டேன்.

— நீ வலது கைலதானே ஊசி போடுவ.

— நீங்க எப்பவும் அந்த நாற்காலில எதிர்ல உக்காந்துதான் வாசிப்பீங்க. உங்க வீடியோவும் எதிர்ல இருந்து எடுத்ததுதான். கிட்டாரோட கழுத்து என் வலது கைப் பக்கம் இருக்கும். அதப் பாத்து அப்படியே பிடிச்சுப் பழகிட்டேன். தப்புன்னு தெரியறதுக்குள்ள ரெண்டு மாசம் ஓடிப் போச்சு. விரல் அதுக்கே பழகிடுச்சு.

— எவ்வளவு நாளா?

— எட்டு மாசமா. காலைல நீங்க ஆறரைக்குக் கிளம்பிடுவீங்க, எனக்கு ஒன்பதுக்குத்தானே வேலை... தினமும் ஒரு மணி நேரம்.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— எப்படிச் சொல்றது? நீங்க டம்ளரத் தூக்கவே கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் உங்க கிட்டார எடுத்து வாசிச்சா, உங்க தட்டுல இருந்து எடுத்துத் தின்ன மாதிரி இருந்துச்சு. ஆனா வச்சிடவும் முடியல. எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு. இப்பவே கடைக்குக் கொண்டு போனா ஒரு மணி நேரத்துல பழைய மாதிரி மாத்திக் கொடுத்துடுவார். கிட்டார் உங்களோடது. நான் இனிமே தொட மாட்டேன். நீங்க வாசிச்சா எனக்குக் கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும்.

— மாத்த வேண்டாம்.

— அப்ப நீங்க எதுல வாசிப்பீங்க? அந்தப் பொண்ணுக்கே கொடுத்துடப் போறீங்களா?

— எந்தப் பொண்ணு?

— மூணாவது மாடி.

— மூணாவது மாடில ரெண்டு மாசமா ஆளே இல்ல. வீடு காலியா கிடக்கு.

— என்னது?

— அப்படிச் சொன்னாலாவது நீயா வாயத் திறப்பேன்னு பாத்தேன். நீ பாட்டு லிஸ்ட் போட்டு என்னைத் தேத்த வந்துட்ட.

— இருங்க, இருங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— தைலம் தேய்க்கற விரல் பொய் சொல்லுமா? சந்தேகம் வந்து போன மாசமே பொட்டியத் திறந்து பாத்தேன். கம்பியப் பாத்ததும் எல்லாம் புரிஞ்சுது. அப்புறம் ஒரு நாள் சாவிக்கொத்த மறந்துட்டுத் திரும்பி வந்தேன். படிக்கட்டுல உக்காந்து அரை மணி நேரம் கேட்டேன். படகுப் பாட்டு. ஜி-ல இருந்து சி-க்குப் போற இடத்துல திக்குது. ஆனா நீ சிரிச்சுக்கிட்டே வாசிச்ச.

— சிரிச்சது கதவுக்கு வெளியில கேட்டுச்சா?

— கேட்டுச்சு. எஃப் மட்டும் உனக்கு இன்னும் கரகரன்னுதான் வருது.

— உங்களுக்கு வருமா முதல்ல?

— நேத்துகூட வந்துச்சு.

— நேத்தா? எதுல?

— நான் லிஃப்ட் பாத்துக்கற கட்டடத்து மேல, மெஷின் ரூம்ல, வாட்ச்மேனோட கிட்டார் ஒண்ணு இருக்கு. மத்தியானம் சாப்பிட்டதும் அரை மணி நேரம். டாக்டர் கை முழுசா சரியாச்சுன்னு சொல்லி ஆறு வாரம் ஆச்சு.

— அப்ப ஆ, ஊன்னு கத்தினது?

— கை சரியாச்சுன்னு தெரிஞ்சா நீ பொட்டிய என்கிட்ட தள்ளிட்டு ஒதுங்கிடுவ. உன்னை எனக்குத் தெரியும். தைலம் தேய்க்கறதும் நின்னு போகும்.

— பொய்யாக் கத்தறவருக்குப் போய் இந்தக் கை தைலம் தேச்சுது பாருங்க... மழைப் பாட்டையும் அங்க வாசிச்சீங்களா?

— ஓட்டத்தோட.

— அப்ப சனிக்கிழமை அதையே வாசிங்க. கீபோர்டுக்காரருக்கு போன் போட்டு மாத்திச் சொல்லுங்க. எதுக்கு பால், படகுன்னு சின்னச் சின்னப் பாட்டா, அதுவும் பாதி வேகத்துல?

— மாத்த முடியாது. அவர் போன வாரமே ஏற்பாடு பண்ணிட்டார். ரெண்டுன்னு சொன்னது மைக்கு இல்ல, நாற்காலி, உனக்கும் எனக்கும். எதிரெதிரா போடச் சொன்னேன், நீ பாத்துப் பழகின மாதிரியே.