கொடி போர்த்த வருகிறவர்

சித்திரைத் திருவிழா முடிந்த அடுத்த வியாழக்கிழமை, காளவாசலில் ஏறிய டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் கட்சிக் கரைவேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், பக்கத்தில் இருந்த நண்பரிடம் சொன்னார்:

"நான் செத்தா மேல கட்சிக்கொடி போத்தக் கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டேன் மாப்ள."

"என்னண்ணே, அந்தக் கொடிக்காக மண்டை உடைஞ்ச ஆளு நீங்க!"

"உடைச்சது யாரு? நம்ம தெருக் கொடிக்கம்பத்தை வெட்டிச் சாச்சாரே, அவருதான். இப்ப அவரையே கட்சியில சேத்து ஒன்றியச் செயலாளரா ஆக்கிருக்காக. நான் செத்தா செயலாளருதான வந்து போத்துவாரு?"

"அதுக்குத்தாண்ணே நான் அவரைச் சேத்தப்பவே கட்சிய விட்டு வெளிய வந்தேன். நீங்களும் வந்துருங்க."

"வந்துட்டா எனக்குக் கொடியே கெடையாதே."

"அதான் வேணாம்னு சொல்லிட்டீகளே?"

"வேணாம்னு சொல்றதுக்கும் கட்சியில இருக்கணும்ல."

நண்பர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப நான் வந்து போத்துறேண்ணே."

பெரியவர் சிரித்தார். "நீ இப்பக் கட்சிக்காரன் இல்லையே மாப்ள."

நாகமலை புதுக்கோட்டையில், "வாரேண்ணே" என்று நண்பர் இறங்கிக்கொண்டார். பஸ் நகர்ந்து அவர் கண்ணில் இருந்து மறைந்த பிறகுதான் பெரியவர் சன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"மாலையாவது வாங்கிட்டு வா, மாப்ள."