எட்டாவது சுவிட்ச்

சுவிட்ச் என்றால் எல்லோருக்கும் விளக்குப் போடுவதுதான் ஞாபகத்துக்கு வரும், ஐயா. நான் சொல்வது வேறு. புத்தக அலமாரியின் தட்டு அகலத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. முன்பக்கம் நாற்பத்தெட்டுத் துளைகள், துளைக்கு ஒரு கம்பி. எங்கள் மருத்துவமனையில் எந்தக் கருவி எதோடு பேசினாலும் அந்த மாதிரி ஒரு பெட்டி வழியாகத்தான் பேச வேண்டும்.

பழைய இணைய முகவரிகள் போதவில்லை, புதிய நீளமான முகவரிகளுக்கு மாறத் தயாராகுங்கள் என்று உத்தரவு வந்தது. எங்கள் பெட்டிகளோ வயதானவை. அவற்றின் நினைவகம் மொத்தமும் பழைய முகவரிகளுக்கே பங்கு பிரித்து விடப்பட்டிருக்கும். வீட்டுக்குப் புது மருமகள் வந்தால் அறைகளை மாற்றிக் கொடுப்பதில்லையா, அதுபோல மறுபடி பிரிக்க வேண்டும். கட்டளை ஒரே வரிதான். ஆனால் பெட்டியை ரீஸ்டார்ட் செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அதற்கு நான்கு நிமிடம் நாற்பது விநாடி. ஏழு பெட்டிகளில் அளந்து பார்த்திருக்கிறேன்.

எட்டாவது பெட்டி மூன்றாம் மாடி இதய வார்டுக்கு உரியது. அங்கே ஒரு விதி உண்டு. பெட்டி நிற்கும் நேரத்தில் கட்டிலுக்கு ஒரு செவிலியர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆறு கட்டில், இரண்டே செவிலியர். பதினொரு முறை போய்க் கேட்டேன். எல்லோரும் பெரிய சிஸ்டர் என்று அழைக்கும் தலைமைச் செவிலியர், "இன்னைக்கும் ஆள் இல்லப்பா. உன் பெட்டி என்ன, பசிக்குதுன்னு அழுவுதா?" என்பார். மற்றவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபம் கிடையாது; அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கெடு வெள்ளிக்கிழமை. எப்படியும் முடித்துவிடலாம் என்று, எட்டும் முடிந்ததாகப் புதன்கிழமையே மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தேன்.

நான்காம் கட்டிலில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். இதயத் துடிப்பைக் காட்டும் கருவி போடும் சத்தத்தில் கண்ணை மூட முடியவில்லை என்று கெஞ்சிக் கேட்டதால், கட்டிலருகே சத்தத்தை அடக்கி வைத்திருந்தார்கள். அவருக்கு ஏதாவது என்றால் செவிலியர் மேசையில்தான் மணி அடிக்கும். அந்த மணிக்கு எட்டாவது பெட்டியை விட்டால் வேறு வழி இல்லை.

வெள்ளி மதியம் இரண்டரை மணிக்கு, பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகும்படி கட்டளை கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் கடைசி விநாடி வரை ரத்து செய்யலாம், நல்ல வசதி. பெரிய சிஸ்டரிடம் சொல்லத்தான் மாடிக்குப் போனேன். வாயைத் திறக்குமுன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாளைக்கு வா" என்றார். சரி என்றேன். லேப்டாப் கையில்தான் இருந்தது. ரத்து செய்யவில்லை.

இரண்டு நாற்பதுக்குப் பெட்டி நின்றது. இணைப்பு அறுந்தால் மேசைத் திரை கடைசியாக வந்த எண்களையே கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருக்கும். ஆறு பேரும் நலம் என்றது. நான் நான்காம் கட்டிலுக்குப் போய் நின்றேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவருடைய கருவியில் பச்சைக் கோடு தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. அவர் என் சட்டையைப் பிடித்தார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"மாப்ளே, சிஸ்டரக் கூப்பிடு."

மேசை பத்தடி தூரம். கூப்பிட்டால் ஓடி வருவார்கள். மேசையில் ஏன் மணி அடிக்கவில்லை என்று கேள்வி வரும். என் அறிக்கையை எடுத்துப் பார்ப்பார்கள். இன்னும் மூன்று நிமிடம் நாற்பது விநாடிதான் பாக்கி. பெட்டி எழுந்துவிட்டால் மணி தானாக அடிக்கும், நான் வாயைத் திறக்கவே வேண்டாம். அதை அவருக்குத் தணிந்த குரலில் எடுத்துச் சொன்னேன். பெட்டி முதலில் தன் நினைவகத்தைச் சோதிக்கும், பிறகு புதுப் பங்கீட்டைப் படிக்கும், அதற்குப் பிறகுதான் துளைகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் என்றெல்லாம் சொன்னேன்.

பெட்டி சொன்ன நேரத்துக்கு எழுந்தது. மணியும் அடித்தது. உயிர் போய் இரண்டு நிமிடம் ஆகிவிட்டது என்றார்கள்.

நான் கூப்பிடவில்லை, ஐயா. கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவரைத் தனியாகச் சாகவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அவரும் கண்ணை எடுக்காமல், நான் சொல்வதைக் கடைசி வரை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.